அம்மா கூடவே நிக்கறாங்க, ஆனா நான் யாருன்னு எனக்கே இன்னும் தெரியலயே

கேள்வி: எனக்கு 19 வயசு, காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறேன். ஆம்பளப் பையனாத்தான் வளந்தேன். வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து பொண்ணுங்க டிரஸ் மேல ஒரு ஆசை, வீட்ல யாரும் இல்லாதப்ப அம்மாவோட டிரஸ்ஸ போட்டுப் பாத்துட்டு அப்படியே மடிச்சு அதே எடத்துல வெச்சிடுவேன். கொஞ்ச மாசம் முன்னாடி அம்மா பாத்துட்டாங்க. திட்டல, அழல, ரெண்டு நாள் பேசாம இருந்தாங்க, அப்புறம் எனக்குன்னே ஒரு ஸ்கர்ட்டும் டாப்ஸும் வாங்கிட்டு வந்து கட்டில் மேல வெச்சிட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க. அதுலேர்ந்து அம்மாதான் எனக்கு எல்லாமே, நெயில் பாலிஷ் வெச்சு விடுவாங்க, அப்பா ஊர்ல இல்லாதப்ப வீட்ல போட்டுக்கோன்னு சொல்லுவாங்க. ஒரு நாள் வெளயாட்டா "வாடி சாப்பிட"ன்னு கூப்பிட்டாங்க, எனக்கு சந்தோஷமாவும் இருந்துச்சு, வயித்த கலக்குற மாதிரியும் இருந்துச்சு. போன வாரம் ராத்திரி பக்கத்துல உக்காந்து, "ஆபரேஷன் பண்ணணும்னா இப்பவே சொல்லிடு, கடன் வாங்கியாவது பண்ணிடலாம்"னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நான் பொண்ணா? இல்ல டிரஸ் மட்டும்தான் புடிக்குமா? அம்மா ஊக்கம் குடுத்ததாலதான் இது அதிகமாச்சா? இல்லன்னு சொன்னா அம்மா மனசு ஒடஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. அப்பாவுக்கு தெரியாது, பத்து வயசு தம்பி ஒருத்தன் இருக்கான். இன்னொன்னு, அம்மா வாங்கின டாப்ஸ் தோள்ல இறுக்குது, லிப்ஸ்டிக் போட்டா உதடு அரிக்குது. இந்த பதில அம்மாகிட்ட காட்டலாமா?

பதில்:

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க அம்மாவுக்கு எந்த பதிலும் பாக்கி வெச்சிருக்கல. அவங்க உங்களுக்காக மனசு மாறி வந்தாங்க, பயத்த முழுங்கிட்டு கடைக்கு போயி உங்க அளவ கண்ணாலயே கணக்கு போட்டு ஒரு டாப்ஸ் எடுத்துட்டு வந்தாங்க, அது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு தெரியும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு, அதனாலதான் இவ்ளோ பயப்படறீங்க. ஆனா அந்த அன்புக்கு பதிலா "ஆமாம்மா நான் உன் பொண்ணுதான்"னு ஒரு முடிவ அவங்க கையில குடுக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல. அவங்களும் அத கேட்டு வாங்கிட்டு வரல.

நீங்க கேட்ட பெரிய கேள்விக்கு வரேன், நான் பொண்ணா இல்ல டிரஸ் மட்டும்தானான்னு. இத வெளியிலேர்ந்து யாரும் சொல்ல முடியாது, நானும் ஒரு லெட்டர படிச்சிட்டு சொல்ல மாட்டேன், அப்படி சொல்றவங்கள நம்பாதீங்க. ஆனா கேள்விய கொஞ்சம் பிரிச்சு வெச்சா அழுத்தம் குறையும். உங்க மனசுக்குள்ள நீங்க ஆணா, பெண்ணா, ரெண்டும் கலந்ததா, ரெண்டுமே இல்லயாங்கறது ஒரு விஷயம். அத வெளிய எப்படி காட்டிக்கறீங்க, டிரஸ், முடி, நடை, பேச்சு, அது வேற விஷயம். யார் மேல உங்களுக்கு ஆசை வருதுங்கறது மூணாவது. இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே வரணும்னு இல்ல. ஸ்கர்ட் புடிக்கற ஒருத்தர் ஆம்பளயாவே, கல்யாணம் பண்ணி புள்ளகுட்டியோட சந்தோஷமா வாழலாம், வாரத்துல ஒரு நாள் அவருக்கு புடிச்சத போட்டுக்கிட்டு. இன்னொருத்தர் வாழ்நாள் பூரா பேண்ட் ஷர்ட்டே போட்டிருப்பாங்க, ஆனா உள்ளுக்குள்ள தான் பெண்ணுதான்னு சின்ன வயசுலேர்ந்தே சந்தேகமே இல்லாம தெரியும். ஆண், பெண்ங்கற ரெண்டுலயும் முழுசா அடங்காம நான்-பைனரின்னு சொல்லிக்கறவங்க இருக்காங்க, திருநங்கைகள் இருக்காங்க, எந்த பேரும் வேணாம்னு விட்டவங்களும் இருக்காங்க. இதுல எது நீங்கன்னு 19 வயசுல, அதுவும் வாங்கின ஸ்கர்ட்டோட மடிப்பு கூட இன்னும் கலையாதப்ப, தெரியலன்னா அதுல ஒரு தப்பும் இல்ல.

அப்ப எத வெச்சு தெரிஞ்சுக்கறது? உங்கள நீங்களே கவனிங்க, ஆனா தீர்ப்பு சொல்ற கண்ணோட பாக்காதீங்க. அந்த டிரஸ்ஸ போட்டுக்கறப்ப என்ன வருதுன்னு எல்லாரும் யோசிப்பாங்க, அத கழட்டுறப்ப என்ன வருதுன்னு பாருங்க, அது நெறைய சொல்லும். "நல்லாருந்துச்சு, இப்ப லுங்கிய கட்டிக்கிட்டு படுக்கலாம்"னு இருக்கா, இல்ல ஏதோ உங்கள பிச்சு எடுத்த மாதிரி இருக்கா? தனியா இருக்கறப்ப மட்டும் வேணும்னு தோணுதா, மத்தவங்க உங்கள அப்படி பாக்கணும்னு, அப்படி கூப்பிடணும்னு தோணுதா? டிரஸ் எதுவும் இல்லாத சாதா நாள்ல, கிளாஸ்ல உக்காந்திருக்கறப்ப, உங்க குரல், முகத்துல முளைக்கற முடி, உடம்பு, இதெல்லாம் உறுத்துதா, இல்ல அது பாட்டுக்கு இருக்கா? அம்மா "வாடி"ன்னு கூப்பிட்டப்ப சந்தோஷமும் கலக்கமும் சேந்தே வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அந்த கலக்கம் எதனால? அந்த கூப்பாடு உங்களுக்கு ஒட்டாததாலயா, இல்ல ரொம்ப நல்லா ஒட்டுனதால இனிமே இத மறைக்க முடியாதுங்கற பயமா, இல்ல அம்மா உங்கள கேக்காமயே முடிவு பண்ணிட்டாங்களோங்கறதாலயா? மூணும் வேற வேற. எது உங்களோடதுன்னு ஒரே நாள்ல தெரியாது, ஒரு வாரம் ஒண்ணு தோணும் அடுத்த வாரம் வேற தோணும், தோணினத போன்ல பூட்டு போட்ட நோட்ஸ்ல ரெண்டு வரி எழுதி வெச்சிக்கோங்க. கொஞ்ச மாசம் கழிச்சு மொத்தமா படிச்சு பாத்தா ஒரு போக்கு தெரியும். உடம்பு மேல வர்ற உறுத்தல் விடாம இருந்து, தூக்கம், படிப்பு, சாப்பாடு எல்லாத்தையும் பாதிக்குதுன்னா மட்டும் தள்ளிப் போடாதீங்க, அப்ப நேர்ல ஒரு ஆலோசகர பாக்கணும். செத்துடலாம்னு நெனப்பு வந்தா அன்னிக்கே அம்மாவ எழுப்பி சொல்லுங்க, நேரம் காலம் பாக்க வேணாம்.

இது நோயான்னு நீங்க நேரா கேக்கல, ஆனா லெட்டர் பூரா அந்த பயம் ஓடிட்டு இருக்கு, அதனால சொல்றேன். உலக சுகாதார நிறுவனத்தோட நோய் பட்டியல்ல, 1990-ல ஒப்புதல் ஆன பத்தாவது பதிப்பு வரைக்கும், எதிர்பால் டிரஸ் போட்டுக்கறதுக்குன்னே மனநோய் பிரிவுல தனி பேர்கள் இருந்துச்சு. 2019-ல ஏத்துக்கிட்டு 2022 ஜனவரிலேர்ந்து நடைமுறைக்கு வந்த பதினொன்னாவது பதிப்புல, அதாவது ஐசிடி-11-ல, அந்த பேர்கள எடுத்துட்டாங்க. பிறப்புல குறிச்ச பாலும் மனசுல உணர்ற பாலும் ஒத்துப்போகாத நிலைய மனநோய் பிரிவுலேர்ந்து தூக்கி பாலியல் ஆரோக்கியம்ங்கற தனி பிரிவுல வெச்சாங்க, அதுவும் வைத்தியம் தேவைப்படறவங்களுக்கு அது தடையில்லாம கெடைக்கணும்ங்கறதுக்காக. அதுலயே இன்னொன்னும் தெளிவா எழுதியிருக்கு, எதிர்பாலோட டிரஸ்ஸும் விளையாட்டும் புடிக்குதுங்கறத மட்டும் வெச்சு யாருக்கும் அந்த முத்திரைய குத்தக் கூடாதுன்னு. உங்க கேஸுக்கு இந்த வரிதான் முக்கியம், டிரஸ் ஆசை மட்டும் இருந்தா அதுக்கு அந்தப் பட்டியல்ல ஒரு பேரும் கிடையாது, இருக்க வேண்டிய அவசியமும் கிடையாது.

டிரஸ்ல ஆண் பெண்ங்கற கோடே ஊருக்கு ஊர் காலத்துக்கு காலம் நகந்துக்கிட்டே வந்தது. பாரிஸ்ல 1800-ல ஒரு உத்தரவு போட்டாங்க, பொம்பளைங்க பேண்ட் போடணும்னா போலீஸ்கிட்ட அனுமதி வாங்கணும்னு, அது செல்லாதுன்னு அரசாங்கம் அதிகாரபூர்வமா சொன்னது 2013-ல. அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டோட ரெண்டரை வயசு போட்டோ ஒண்ணு இருக்கு, 1884-ல எடுத்தது, நீள முடியும் வெள்ளை கவுனுமா உக்காந்திருப்பாரு, அந்தக் காலத்துல அந்த மாதிரி குடும்பங்கள்ல ஆம்பளப் புள்ளைங்களுக்கு அதுதான் டிரஸ், யாரும் திரும்பிக் கூட பாத்திருக்க மாட்டாங்க. இன்னிக்கு ஒரு பொண்ணு அண்ணனோட ஷர்ட்ட எடுத்து போட்டா எந்த அம்மாவும் ரெண்டு நாள் பேசாம இருக்க மாட்டாங்க. உங்களுக்கு மட்டும் அது இவ்ளோ பெரிய ரகசியமா ஆனதுக்கு காரணம் உங்ககிட்ட இருக்கற கோளாறு இல்ல.

அடுத்தது, அம்மா ஊக்கம் குடுத்ததாலதான் அதிகமாச்சான்னு கேட்டிருக்கீங்க. அதிகமாச்சுதான், அத மறுக்கல. ஆனா எது அதிகமாச்சு? இத்தன வருஷம் வாசல் சத்தத்துக்கு காத வெச்சிக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல போட்டு கழட்டுனத இப்ப ஒரு சாயங்காலம் பூரா போட்டுட்டு இருக்க முடியுது, நேரமும் தைரியமும் அதிகமாச்சு, ஆசை முன்னாடியே இருந்தது, நீங்களே வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்துன்னு எழுதியிருக்கீங்க. எந்த அம்மாவும் ஸ்கர்ட் வாங்கிக் குடுத்து ஒரு புள்ளைய பெண்ணா மாத்த முடியாது, அடிச்சு ஆம்பளயா மாத்தவும் முடியாது. மாத்த முயற்சி பண்ணின வைத்தியங்கள் எல்லாம் கெடுதல்தான் பண்ணுச்சு, அமெரிக்க உளவியல் சங்கம் 2021-ல அந்த மாதிரி பால் அடையாளத்த மாத்தறேன்னு பண்ற சிகிச்சைகளுக்கு எதிரா தீர்மானமே போட்டிருக்கு. நேர் எதிரா, குடும்பம் ஆதரவா நின்னா என்ன ஆகுதுன்னும் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. சான் ஃபிரான்சிஸ்கோல கேட்லின் ரயன்ங்கறவங்க நடத்துற குடும்ப ஏற்பு ஆய்வுத் திட்டம் 2010-ல வெளியிட்டது ஒண்ணு, வளர்ற வயசுல வீட்ல ஏத்துக்கிட்ட தன்பாலீர்ப்பு, திருநர் பிள்ளைங்க பெரியவங்களானப்ப அவங்களுக்கு தன்மதிப்பும் உடல்நலமும் நல்லாருந்துச்சு, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கம்மியா இருந்துச்சு. அதனால உங்க அம்மா தப்பா எதுவும் பண்ணல, அத அவங்களுக்கும் யாராவது சொல்லணும், ஏன்னா அந்த ரெண்டு நாள் மௌனத்துல "நான் எங்கயாவது தப்பா வளத்துட்டேனோ"ன்னு அவங்க தன்னத்தானே கேட்டு ரணமாயிருப்பாங்க.

ஆனா அம்மா உங்கள விட வேகமா நடக்கறாங்க. உங்க லெட்டர்ல இருக்கற உண்மையான சிக்கலே இதுதான்னு எனக்கு படுது. நீங்க ஸ்கர்ட்டுல இருக்கீங்க, அவங்க ஆபரேஷனுக்கு போயிட்டாங்க. இது அன்பு இல்லாததால வர்றதில்ல, பயத்துனால வர்றது, நிச்சயமில்லாம இருக்கறது பெத்தவங்களுக்கு தாங்காது, ஒரு முடிவு தெரிஞ்சுட்டா அதுக்கு கடனோ ஒடனோ வாங்கி வழி பண்ணிடலாம், முடிவே இல்லாம ஒவ்வொரு நாளும் புள்ள மூஞ்சிய பாத்துக்கிட்டு இருக்கறதுதான் கஷ்டம். திட்டற அம்மாகிட்டேர்ந்து ஒளிஞ்சுக்கலாம், தாங்கற அம்மாகிட்ட "கொஞ்சம் மெதுவா"ன்னு சொல்றதுக்கு வாய் வராது, துரோகம் பண்ற மாதிரி இருக்கும். அதனால நெறைய பேரு அந்த வேகத்தோடயே ஓடிடறாங்க, அம்மா சந்தோஷத்துக்காக தனக்கு இன்னும் தெரியாத ஒண்ண தெரிஞ்ச மாதிரி சொல்லிடறாங்க. இல்லன்னா பயந்துபோயி "எனக்கு இதெல்லாம் வேணாம், விட்டுட்டேன்"னு டிரஸ்ஸ எல்லாம் தூக்கிப் போட்டுட்டு பழையபடி ஒளிய ஆரம்பிக்கறாங்க. ரெண்டும் வேணாம்.

அம்மாகிட்ட பேசுங்க. ரெண்டு பேரும் ஏதாவது வேலை பண்ணிட்டு இருக்கறப்ப பேசினா சுலபம், துணி மடிக்கறப்ப, நெயில் பாலிஷ் வெச்சு விடறப்ப, மூஞ்சிய மூஞ்சி பாக்க வேண்டியிருக்காது. "அம்மா, நீ எனக்கு பண்ணினத எந்த ஜென்மத்துலயும் மறக்க மாட்டேன். ஆனா நான் யாருன்னு எனக்கே இன்னும் தெரியல. தெரியறப்ப மொத ஆளா உன்கிட்டதான் சொல்லுவேன். அதுவரைக்கும் இப்படியே இருக்கலாமா, முடிவு எதுவும் பண்ணாம?" இவ்ளோதான், இத உங்க வாய்ல வர்ற மாதிரி மாத்திக்கோங்க. கூடவே எது புடிக்குது எது வேணாம்னு தனித்தனியா சொல்லுங்க, ஏன்னா அம்மாவால ஊகிக்க முடியாது. நெயில் பாலிஷ் சரி, "வாடி" இப்ப வேணாம், இல்ல நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கறப்ப சரி, மத்தவங்க முன்னாடி பேர சொல்லி கூப்பிடு, இப்படி. அடுத்த மாசம் அது மாறினா மாறினதையும் சொல்லுங்க. இன்னிக்கு வேணும்னு சொன்னத நாளைக்கு வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, அதுக்காக முன்னாடி சொன்னது பொய்னு ஆயிடாது. அம்மா மனசு ஒடஞ்சிடுமோன்னு பயந்தீங்க, அவங்க அந்த ராத்திரி கேட்டதுல எனக்கு கேட்டது "எனக்கு ஒரு பொண்ணு வேணும்"ங்கறது இல்ல, "நீ கஷ்டப்படாம இருக்கணும், அதுக்கு நான் என்ன பண்ணணும்"ங்கறதுதான், அதுக்கு உங்ககிட்ட இப்பவே பதில் இருக்கு, நேரம் குடும்மான்னு.

ஆபரேஷன் பத்தி சுருக்கமா சொல்றேன், ஏன்னா உங்களுக்கு இப்ப அது கேள்வியே இல்ல. அது எல்லாருக்கும் தேவைப்படறது இல்ல, திருநங்கைகள்லயே பல பேர் பண்ணிக்கறது இல்ல, தேவைப்படறவங்களுக்கும் அது கடைசி படிகள்ல ஒண்ணு. ஆனா ஒண்ண மட்டும் அழுத்தி சொல்றேன், ஹார்மோன் மாத்திரைய நீங்களோ அம்மாவோ நெட்ட பாத்து, இல்ல யாரோ தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு கடையில வாங்கி சாப்பிட ஆரம்பிக்காதீங்க. கர்ப்பத்தடை மாத்திரையத்தான் நெறைய பேர் எடுக்கறாங்க, அதுல பெரும்பாலும் இருக்கற எத்தினில் ஈஸ்ட்ராடியோல்ங்கற மருந்து ரத்தக் குழாய்ல கட்டி உண்டாக்கற அபாயம் உள்ளது, கால்ல உறைஞ்ச கட்டி நுரையீரலுக்கு போனா உயிருக்கே ஆபத்து, சிகரெட் பழக்கமும் இருந்தா இன்னும் மோசம். மார்பு வளர்ச்சி மாதிரி சிலது மருந்த நிறுத்தினாலும் பழையபடி ஆகாது, குழந்தை பெத்துக்கற வாய்ப்பும் பாதிக்கலாம். பின்னாடி எப்பவாவது நீங்க தெளிவா வேணும்னு முடிவு பண்ணினா ஹார்மோன் டாக்டர் ரத்த டெஸ்ட் எல்லாம் பாத்து, அளவு பாத்து குடுப்பாரு, அது வேற.

ஆலோசகர பாக்கறதுன்னா மொத சந்திப்புலயே ஒண்ணு கவனிங்க. "இத சரி பண்ணிடலாம்"னு சொல்றவங்ககிட்ட திரும்ப போகாதீங்க. "நீ கண்டிப்பா டிரான்ஸ்தான்"னு அரை மணி நேரத்துல சொல்றவங்களயும் அதே மாதிரி விடுங்க. உங்கள தனியா பேச விடணும், அம்மாவ வெளிய உக்கார சொல்லணும், உங்களுக்கு 19 வயசு, நீங்க பேசினது உங்க அனுமதி இல்லாம வீட்டுக்கு போகக் கூடாது.

அப்பா விஷயத்துக்கு வரேன். இதுல நான் அவசரப்படுத்த மாட்டேன், ஏன்னா நீங்க இன்னும் படிச்சிட்டு இருக்கீங்க, ஃபீஸும் சாப்பாடும் தூங்கற எடமும் அந்த வீட்லதான். அப்பா எப்படிப்பட்டவருன்னு நீங்க ஒரு வரி கூட எழுதல. கோவம் வந்தா கை நீட்டறவரா, வீட்ட விட்டு போன்னு சொல்றவரா? ஆமான்னா இப்போதைக்கு சொல்லாதீங்க, அதுல நேர்மை இல்லாம போறது எதுவும் இல்ல, உங்க பாதுகாப்பு முக்கியம். கத்திட்டு அப்புறம் அடங்கறவர்னா, அம்மாவோட பேசி ஒரு நாள் பாத்து சொல்லலாம். அம்மாகிட்ட இப்பவே ஒரு வாக்கு வாங்கிடுங்க, உங்கள கேக்காம அப்பாகிட்டயோ சித்திகிட்டயோ பாட்டிகிட்டயோ சொல்லக் கூடாதுன்னு, ஏன்னா மனசுல பாரம் தாங்காம அவங்க யார்கிட்டயாவது கொட்டிடுவாங்க, கொட்டறது நல்ல எண்ணத்துலதான் இருக்கும், ஆனா அது உங்க விஷயம்.

சொல்றதுன்னு முடிவானா மொதல்ல சொல்லுங்க, அப்புறம் எப்பவாவதுதான் காட்டணும். அதாவது டிரஸ்ஸோட போயி நிக்காதீங்க, அவருக்கு கண்ணுல பட்டதுதான் ஞாபகத்துல நிக்கும், நீங்க பேசினது எதுவும் காதுல ஏறாது. சாதாரண டிரஸ்ல உக்காந்து, "அப்பா, எனக்கு சின்ன வயசுலேர்ந்து பொண்ணுங்க டிரஸ் போடப் புடிக்கும், இது இப்ப வந்த பழக்கம் இல்ல, யாரும் சொல்லிக் குடுக்கல, உங்ககிட்ட மறைக்க கஷ்டமா இருக்கு"ன்னு ஆரம்பிங்க. யாரும் சொல்லிக் குடுக்கலங்கறத கண்டிப்பா சொல்லுங்க, ஏன்னா இந்த மாதிரி நேரத்துல பழி மொத்தமும் அம்மா மேலதான் விழும், "உன் செல்லம்தான்"னு. அம்மாவுக்கு ரெண்டு நாள் ஆச்சு, அப்பாவுக்கு ரெண்டு மாசம் கூட ஆகலாம். அவர் உடனே ஏத்துக்கணும்னு எதிர்பாக்காதீங்க, மொத நாள் வாய்ல வந்தத கடைசி வார்த்தையா எடுத்துக்காதீங்க.

தம்பி பாத்துட்டா என்ன பண்றதுன்னு கவலைப்படாதீங்க, பத்து வயசு பசங்க பெரியவங்கள விட சீக்கிரம் புரிஞ்சுப்பாங்க. "எனக்கு இந்த டிரஸ் புடிக்கும், அதான் போட்டிருக்கேன்"னு சாதாரணமா சொன்னா, அவன் ரெண்டு கேள்வி கேட்டுட்டு விளையாட போயிடுவான். ஆனா "அப்பாகிட்ட சொல்லிடாதடா"ன்னு அவன் தலையில ஏத்தாதீங்க, அந்த வயசுக்கு அது பெரிய சுமை, மிரண்டு போயிடுவான், இல்லன்னா சாப்பாட்டுத் தட்டு முன்னாடி டக்குன்னு ஒளறிடுவான். அதனால அவன் வீட்ல இருக்கற நேரத்துல ரூம்ல போட்டுக்கறதுதான் இப்போதைக்கு நல்லது.

இன்னொன்னு, நீங்க கேக்கல, நானா சொல்றேன். போட்டோ. ஆசையா எடுத்து வெச்சிருப்பீங்க, எடுக்கணும்தான், கண்ணாடில பாக்கறத விட போட்டோல பாக்கறப்பதான் சிலருக்கு "அட, இது நான்தானே"ன்னு தோணும். ஆனா வீட்ல எல்லாரும் ஒரே கணக்குல போன் வெச்சிருந்தீங்கன்னா, நீங்க எடுக்கற படம் தன்னால ஏறி அப்பா டேப்லேயோ டிவிலயோ வந்து நிக்கும், அந்த பேக்அப் செட்டிங்க மொதல்ல பாருங்க, அம்மா போனையும் சேத்து. பூட்டு போட்ட ஃபோல்டர்ல வெச்சுக்கோங்க, முகம் தெரியற படத்த நெட்ல பழகின யாருக்கும் அனுப்பாதீங்க, எவ்ளோ நல்லா பேசினாலும் சரி. இத வெச்சு மிரட்டி காசு புடுங்கறவங்க இருக்காங்க. அப்படி ஏதாவது நடந்துட்டா காசு குடுக்காதீங்க, மெசேஜ அழிக்காம வெச்சு அம்மாகிட்ட சொல்லுங்க, அந்த விஷயத்துல நீங்க ரொம்ப குடுத்து வெச்சவங்க, சொல்றதுக்கு ஒரு ஆள் இருக்கு.

வெளிய போகணும்னு ஆசை வந்தா மொத நாளே முழுசா போட்டுக்கிட்டு போகணும்னு இல்ல. பொண்ணுங்க செக்‌ஷன்ல வாங்கின ஒரு லூஸ் ஷர்ட், நிறம் தெரியாத நெயில் பாலிஷ், சின்னதா ஒரு காதுல மாட்டற கிளிப் கம்மல், இதெல்லாம் யார் கண்ணையும் உறுத்தாது, ஆனா உங்களுக்கு தெரியும் நீங்க போட்டிருக்கீங்கன்னு. அந்த நாள் எப்படி இருந்துச்சுன்னு பாத்துட்டு அடுத்தது. அம்மா கூட போனா, உங்களுக்கு ஒரு மாதிரி ஆச்சுன்னா என்ன சொல்லுவீங்கன்னு முன்னாடியே பேசி வெச்சிக்கோங்க, "தலை வலிக்குதும்மா"ன்னா கெளம்பணும்னு அர்த்தம், அப்புறம் கேள்வி கேக்கக் கூடாது.

இப்ப டாப்ஸ். தோள்ல இறுக்கறது உங்க உடம்போட தப்பு இல்ல, பொண்ணுங்க டிரஸ் குறுகின தோளுக்கும் அகலமான பின்பக்கத்துக்கும் வெட்டினது, உங்களுக்கு பெரும்பாலும் எதிரா இருக்கும், தோளுக்கு சரியானது வயித்துல தொளதொளன்னு தொங்கும். அதனால சைஸ் நம்பர நம்பாதீங்க, இன்ச் டேப்ப எடுத்து அம்மாவ அளக்க சொல்லுங்க, தோள், மார்பு, இடுப்பு, பின்பக்கத்தோட அகலமான எடம். இடுப்புன்னா பேண்ட் கட்டற எடம் இல்ல, தொப்புளுக்கு மேல, பக்கவாட்டுல சாஞ்சா மடியற எடம், ஸ்கர்ட் அங்கதான் நிக்கும், அங்க நின்னாதான் உருவமே மாறித் தெரியும். கழுத்துலேர்ந்து கைக்கு சரிவா தையல் ஓடற ராக்லான் கை, வி கழுத்து, இந்த மாதிரி டாப்ஸ் தோள கம்மியா காட்டும், பஃப் கை வேணாம். கீழ விரிஞ்சு வர்ற ஏ-லைன் ஸ்கர்ட் போட்டா இடுப்புக்கு கீழ அகலமா தெரியும். இடுப்ப ஒடுக்கறேன்னு கார்செட் மாதிரி எதையாவது மணிக்கணக்கா இறுக்கி கட்டிக்காதீங்க, மூச்சு முட்டும், நெஞ்செரிச்சல் வரும். நல்லா தைக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட அளவு பேப்பர மட்டும் குடுத்து தைக்க சொன்னா யாருக்குன்னு அவங்க கேக்கப் போறதில்ல.

லிப்ஸ்டிக் அரிக்குதுன்னா உடனே நிறுத்துங்க. அது அம்மாவோட பழைய லிப்ஸ்டிக்கா இருக்கும்னு நெனக்கறேன், ஒருத்தரோடத இன்னொருத்தர் போடவே கூடாது, கண்மையும் மஸ்காராவும் அதவிட கண்டிப்பா கூடாது, கண்ணுக்கு தொத்து வரும். வாசனை சேக்காத புதுசு ஒண்ணு வாங்கி, முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாருங்க, சிவக்கலன்னா உதட்டுல போடலாம். புதுசுலயும் அரிச்சா, வீங்கினா தோல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ராத்திரி கண்டிப்பா கழுவிட்டு படுங்க, முகம் ஷேவ் பண்ணின உடனே மேக்கப் போடாதீங்க, எரியும், கொஞ்ச நேரம் விட்டு போடுங்க.

அம்மாகிட்ட காட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. காட்டுங்க, ஆனா அந்த "மெதுவா"ங்கற விஷயத்த நீங்க வாயால சொன்னதுக்கு அப்புறம் காட்டுங்க, என் எழுத்த படிச்சு தெரிஞ்சுக்க வேணாம்.

அம்மா, நீங்க படிச்சிட்டு இருந்தீங்கன்னா, உங்களுக்கும் ரெண்டு வார்த்தை. அன்னிக்கு கட்டில் மேல அந்த டிரஸ்ஸ வெச்சிட்டு ஒண்ணும் பேசாம போனீங்களே, எவ்ளோ படிச்சவங்களுக்கும் அது வராதும்மா. இனிமேயும் அதே மாதிரிதான், வெச்சிட்டு போங்க, எடுக்கறதும் எடுக்காததும் உங்க புள்ளைக்கு விடுங்க. ராத்திரி தூக்கம் வராம ஆபரேஷன் வீடியோ பாத்துட்டு இருந்தீங்கன்னா நிறுத்துங்க, அது உங்க பயத்தத்தான் வளக்கும். உங்களுக்கும் அழ ஒரு எடம் வேணும், அத உங்க புள்ள மடியில வெச்சிடாதீங்க, ஒரு ஆலோசகர நீங்க தனியா போயி பாருங்க, புள்ளைக்காக இல்ல, உங்களுக்காக. போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை புள்ளகிட்ட சொல்லிட்டு போங்க.